தோற்ற போரிலிருந்து வெளியேற ஐந்து வழிகள்: எதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

1989 பிப்ரவரி 15. ஆப்கானிஸ்தான் எல்லையில் ஆமு தர்யா ஆற்றின் மேல் இருக்கும் நட்புப் பாலத்தில் ஜெனரல் போரிஸ் குரோமோவ் நடந்து வருகிறார். பட்டப்பகல், சுற்றிலும் கேமராக்கள், எதிர்கொண்டு வரவேற்க மகன். தனக்குப் பின்னால் ஒரு சோவியத் சிப்பாய்கூட இல்லை என்று பெருமையாகச் சொன்னார். 2021 ஜூலையில் அதே நாட்டின் பக்ராம் விமானத் தளத்திலிருந்து அமெரிக்கப் படை இரவோடு இரவாகக் கிளம்பியது. மின்சாரம் நின்றுபோனது. அவர்கள் போன விஷயமே இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது என்று தளத்தின் புதிய ஆப்கான் தளபதி செய்தியாளர்களிடம் சொன்னார். (எல்லாம் முன்பே பேசிவைத்ததுதான் என்றது அமெரிக்கத் தரப்பு.)

இந்த இரண்டில் எது நேர்மையான வெளியேற்றம் என்று கேட்டால் பாலத்தைக் காட்டத்தான் கை நீளும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவரப்பட்ட, சோவியத் ஆதரவு ஆப்கான் அதிபர் நஜிபுல்லாவின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு எளிதாகக் கை நீளாது. மூன்று வருஷம் தாக்குப்பிடித்தார், 1992 ஏப்ரலில் ஆட்சி போனது, நாலு வருஷத்துக்கு மேல் காபூல் ஐ.நா. வளாகத்துக்குள் அடைந்து கிடந்தார், 1996 செப்டம்பரில் தாலிபான் உள்ளே புகுந்து இழுத்துப்போய்க் கொன்றது.

ஆழம் தெரியாமல் காலை விட்டாகிவிட்டது, ஜெயிக்க முடியாது என்றும் தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? "நாம் உடைத்ததை நாம்தான் ஒட்டவைக்க வேண்டும், அப்படியே போட்டுவிட்டுப் போவது பாவம்" என்பார் ஒருவர். "போனதே தப்பு, தப்பை இன்னொரு நாள் நீட்டினாலும் அது இரண்டாவது தப்பு" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே படும், அதனால்தான் பலரும் நடுவில் நின்றுவிடுகிறார்கள். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் கேள்வியே என்று எனக்குத் தோன்றுகிறது. போவதா இருப்பதா என்று இரண்டே கதவுகள் இருப்பதுபோலக் கேட்கிறோம். வரலாற்றில் பார்த்தால் குறைந்தது ஐந்து கதவுகள் இருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது?

என் அளவுகோல்கள் நாலு. முதலாவது, இனிமேல் சாகப்போகிறவர்கள். இதுவரை செத்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பேன். கேட்கக் கொடுமையாக இருக்கும், தெரியும். ஆனால் "இத்தனை பேர் செத்தது வீணாகிவிடுமே" என்ற வாதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், போர் எவ்வளவு மோசமாகப் போகிறதோ அவ்வளவு பலமாகிக்கொண்டே போகும் விசித்திரமான வாதம் அது. பத்தாயிரம் பேர் செத்ததற்காக இருந்து, இருபதாயிரம் ஆனதும் இன்னும் கட்டாயமாக இருக்க வேண்டிவரும். வியட்நாமில் சண்டைபோட்டுத் திரும்பிய ஜான் கெர்ரி 1971ல் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டார். இன்றுவரை அதற்கு யாரும் நல்ல பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு விஷயம் மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இந்தக் கணக்கில் இரண்டு நாட்டு உயிரும் வரும்.

இரண்டாவது, கூட நின்றவர்கள். மொழிபெயர்ப்பாளர், ஓட்டுநர், தகவல் தந்த கிராமத்து ஆள், புது நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்த பெண். உங்கள் வாக்கை நம்பிக் கழுத்தை நீட்டியவர்கள். போர் நியாயமா அநியாயமா என்பதற்கும் இந்தக் கடனுக்கும் சம்பந்தமில்லை. அநியாயமான போரில் வாங்கிய கடனும் கடன்தான்.

மூன்றாவது, அங்கே வாழ்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள். இதற்கு ஒரே குரலில் பதில் வராது. காபூலில் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்குப் படை போனது வாழ்க்கை முடிந்த நாள், ஹெல்மண்ட் கிராமத்தில் நள்ளிரவுச் சோதனைக்கும் வான் தாக்குதலுக்கும் பழகிப்போன தாய்க்கு அதே நாள் முதல் தடவையாகத் தூங்கிய நாளாக இருக்கலாம். யாருடைய குரலை எடுத்துக்கொள்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு ஒளிந்திருக்கிறது.

நாலாவது, உங்களால் உண்மையில் என்ன முடியும். இன்னும் ஒரு வருஷம் இருந்தால் எது மாறும் என்று கேளுங்கள். போன வருஷம் சொன்ன அதே பதில் வந்தால் அது திட்டமில்லை, ஆசை.

நாட்டின் மானம், நட்பு நாடுகளின் நம்பிக்கை என்று இன்னொரு அளவுகோல் எப்போதும் சொல்லப்படும். அதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 1975ல் அமெரிக்கா ஆதரித்த தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தபோது அமெரிக்காவை இனி யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்கள், நேட்டோ கலையவில்லை, அதற்குப் பதினான்கு வருஷம் கழித்து இடிந்தது எதிர்த் தரப்பின் பெர்லின் சுவர்.

## வழி 1: அப்படியே இருப்பது

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தென்கொரியாவில் 1953 போர்நிறுத்தத்துக்குப் பிறகும் அமெரிக்கப் படை இருக்கிறது, கொசோவோவில் 1999 ஜூனிலிருந்து நேட்டோ படை இருக்கிறது. இருந்ததால் அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை, ஒருவேளை இருந்ததால்தான் கெடவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் துப்பாக்கிச் சத்தம் முதலில் நின்றது, அப்புறம்தான் 'இருப்பது' தொடங்கியது. சத்தம் நிற்காத இடத்தில் இருப்பது வேறு விஷயம்.

ஆப்கானிஸ்தான் பற்றி அடிக்கடி கேட்கும் வாதம், "வெறும் 2,500 பேர், உயிர்ச்சேதம் கிட்டத்தட்ட இல்லை, அப்படியே இருந்திருக்கலாமே" என்பது. 2020 பிப்ரவரியிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை சண்டையில் ஒரு அமெரிக்கச் சிப்பாய்கூடச் சாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏன் சாகவில்லை? போகிறோம் என்று 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் தாலிபானோடு அமெரிக்கா கையெழுத்துப் போட்டதால் தாலிபான் அமெரிக்கச் சிப்பாய்களைச் சுடுவதை நிறுத்தியிருந்தது. போகும் வாக்குறுதி வாங்கித்தந்த அமைதியைக் காட்டி, போகாமல் இருக்கச் சொல்லும் வாதம் இது. போகவில்லை என்று அறிவித்த மறுநாளே அந்த அமைதி முடிந்திருக்கும், 2,500 போதாமல் இன்னும் பத்தாயிரம் கேட்டிருப்பார்கள்.

மறைவான செலவு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு புள்ளிவிவரம் போதும். 2019 ஜனவரியில் அப்போதைய ஆப்கான் அதிபர் அஷ்ரஃப் கனி, தான் 2014ல் பதவிக்கு வந்த பிறகு 45,000க்கும் அதிகமான ஆப்கான் பாதுகாப்புப் படையினர் கொல்லப்பட்டதாகச் சொன்னார். அதே காலத்தில் செத்த வெளிநாட்டுப் படையினர் 72 பேருக்கும் குறைவு. இதோடு பொதுமக்களையும் சேர்க்க வேண்டும், 2014 முதல் 2019 வரை ஒவ்வொரு வருஷமும் கொல்லப்பட்டவர்களும் காயமடைந்தவர்களுமாகப் பத்தாயிரத்துக்கு மேல் என்று அங்கிருந்த ஐ.நா. அலுவலகம் பதிவு செய்தது. 'குறைந்த செலவில் இருப்பது' என்பதன் முழு அர்த்தம் இதுதான், செலவு குறையவில்லை, வேறு ஆளின் தலையில் ஏறியது.

அப்படியும் இந்த வழிக்கு ஒரு கனமான வாதம் இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. இருபது வருஷத்தில் ஒரு தலைமுறைப் பெண்கள் படித்தார்கள். 2021 செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளிகள் அவர்களுக்குத் திறக்கவில்லை, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடியது. படை இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இந்த ஒன்றை மட்டும் தராசில் வைத்தால் நானும் இருக்கத்தான் சொல்வேன். அடுத்த தட்டில் அந்த 45,000 பேரையும், அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற அடுத்த 45,000 பேரையும் வைக்கும்போதுதான் கை நடுங்குகிறது.

## வழி 2: படையைக் கூட்டி ஒரு கடைசி முயற்சி

இதற்கு ஆள் எப்போதும் கிடைப்பார்கள், தளபதிகளில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் முதலில் கேட்பார்கள். 2007ல் இராக்குக்குக் கூடுதலாக ஏறக்குறைய 30,000 பேர் போனார்கள், அடுத்த வருஷம் வன்முறை நிஜமாகவே குறைந்தது. அதற்குப் படை மட்டுமே காரணமில்லை. அன்பார் மாகாணத்து சுன்னி இனக்குழுக்கள் அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பியதும் சேர்ந்துகொண்டது. ஆனால் கிடைத்த அவகாசத்தில் பாக்தாத் அரசியல்வாதிகள் தங்களுக்குள் சமரசம் செய்துகொள்ளவில்லை, 2014 ஜூனில் மொசூல் ஐ.எஸ். கைக்குப் போனது. 2009 டிசம்பரில் ஒபாமா ஆப்கானிஸ்தானுக்கு 30,000 பேரை அனுப்பினார், அதே உரையில் 2011 ஜூலையில் திருப்பி அழைக்கத் தொடங்குவேன் என்றும் சொன்னார். எதிராளி கையில் நாள்காட்டியைக் கொடுத்துவிட்டுப் போருக்குப் போன கதை.

அவகாசத்தை என்ன செய்யப் போகிறோம் என்று உள்ளூர் அரசிடம் எழுத்தில் ஒரு திட்டம் இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். இருந்ததாக ஒரு உதாரணமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

## வழி 3: உள்ளூர் அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது

இருப்பதில் இதுதான் கௌரவமான வழி என்று எல்லாரும் நினைப்பது, இதில்தான் பொய்யும் அதிகம்.

1969ல் நிக்சன் பதவிக்கு வந்தபோது வியட்நாமை ஜெயிக்க முடியாது என்பது வாஷிங்டனில் பலருக்குத் தெரிந்திருந்தது. போரைத் தென்வியட்நாம் படையிடம் படிப்படியாக ஒப்படைப்பதாகச் சொன்னார்கள். அந்த நாலு வருஷத்தில் மட்டும் 20,000க்கும் அதிகமான அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள், வியட்நாமியர் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. 1971 ஜூலையில் ரகசியமாகச் சீனா போகத் தயாரித்த குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சர் கையால் எழுதிய வரி ஒன்று பிறகு வெளியே வந்தது. ஒரு 'நாகரிகமான இடைவெளி' வேண்டும் என்றிருந்தது அதில். அதாவது, சைகோன் விழட்டும், நாங்கள் போன கையோடு விழுந்துவிடக் கூடாது. இந்த ஐந்து வழிகளிலும் மிகவும் கேவலமானதாக எனக்குப் படுவது தோற்று ஓடுவது இல்லை, இந்த இடைவெளிதான். தன் பெயர் கெடாமல் இருக்க அடுத்தவன் உயிரில் நாள் வாங்குவது.

சரி, ஒப்படைப்பே பொய்தானா? அப்படியும் சொல்ல முடியாது. இங்கேதான் நஜிபுல்லா மறுபடி வருகிறார். சோவியத் படை போனால் சில மாதம்கூடத் தாங்க மாட்டார் என்றுதான் பலரும் கணித்தார்கள். 1989 மார்ச்சில் ஜலாலாபாத் நகரை அரசை எதிர்த்த முஜாகிதீன் போராளிகள் முற்றுகையிட்டார்கள், நஜிபுல்லாவின் படை நின்று சமாளித்தது. காரணம் படை போனாலும் வரத்து நிற்கவில்லை. எரிபொருள், தானியம், வெடிமருந்து, ஸ்கட் ஏவுகணை எல்லாம் மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டே இருந்தன. 1992 ஜனவரி 1 முதல் உதவி நின்றது. சோவியத் யூனியனே அப்போது இல்லை. ஏப்ரலில் காபூல் போனது. மூன்று வருஷம் படை இல்லாமல் தாங்கிய அரசு, உதவி இல்லாமல் நாலு மாதம் தாங்கவில்லை.

தென்வியட்நாமிலும் இதே கதை. எண்ணெய் விலை எகிறிய நேரத்தில் 1975 நிதியாண்டுக்கான ராணுவ உதவியை அமெரிக்கக் காங்கிரஸ் 70 கோடி டாலராகக் குறைத்தது. அமெரிக்கப் பாணியில் ஹெலிகாப்டரும் பீரங்கியுமாகச் சண்டைபோடப் பழக்கப்பட்ட படைக்கு எரிபொருளும் உதிரிபாகமும் இல்லாமல் போனது. ஆப்கான் விமானப்படையை இன்னும் விசித்திரமாகக் கெடுத்தார்கள். ஆப்கானியர்களுக்கே பழுதுபார்க்கத் தெரிந்த ரஷ்ய எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களை எடுத்துவிட்டு, ஒப்பந்த நிறுவன ஆட்கள் இல்லாமல் ஓடாத பிளாக் ஹாக்குகளைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2021ல் படையோடு அந்த ஒப்பந்த ஆட்களும் கிளம்பியதும் விமானப்படை தரையில் உட்கார்ந்தது. மலை உச்சிக் காவல் சாவடியில் இருந்தவனுக்கு அதோடு தோட்டாவும் வரவில்லை, சோறும் வரவில்லை. பிறகு அவன் ஏன் சுடவில்லை என்று தூரத்தில் உட்கார்ந்து கேட்டோம்.

அதனால் ஒப்படைப்பைத் தேர்ந்தெடுக்கிறவர் தன்னையே கேட்க வேண்டியது, கடைசிச் சிப்பாய் போனபின் எத்தனை வருஷம் பணமும் பழுதுபார்ப்பும் தொடரும், அதை அடுத்து வரும் ஆட்சி நிறுத்த முடியாதபடி என்ன ஏற்பாடு? அதற்குப் பதில் இல்லையென்றால் நாகரிகமான இடைவெளியைத்தான் வேறு பெயரில் வாங்குகிறோம். இதிலும் மனசாட்சி சுத்தமாக இருந்துவிடாது. பணம் அனுப்புவது போரை நீட்டுவதும்தான். நஜிபுல்லா தாங்கிய மூன்று வருஷமும் காபூல் மேல் ராக்கெட் விழுந்துகொண்டுதான் இருந்தது.

ஒப்படைப்பு நிலைத்ததற்கும் ஒரு உதாரணம் உண்டு, அதை ஏனோ யாரும் பேசுவதில்லை. 1978 டிசம்பரில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் புகுந்தது, 1979 ஜனவரியில் கெமர் ரூஜ் இயக்கத்தின் தலைவர் போல் பாட்டை ஆட்சியிலிருந்து விரட்டியது, பிறகு பத்து வருஷம் எல்லைக் காட்டில் கெமர் ரூஜோடு சண்டையில் மாட்டிக்கொண்டது, 1989 செப்டம்பரில் வெளியேறியது. அதன் ஆதரவில் இருந்த ஹுன் சென் அரசு விழவில்லை. 1991 அக்டோபரில் எல்லாத் தரப்பும் பாரிசில் கையெழுத்திட்டு ஐ.நா. படை வந்தது, கெமர் ரூஜ் திரும்ப ஆட்சிக்கு வரவே இல்லை. ஹுன் சென் பிறகு எப்படி ஆண்டார் என்பது தனிக் கதை. ஆனால் போகிறவரின் ஒப்பந்தத்தில் அங்கே இருக்கப்போகிறவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், வெளியிலிருந்து ஆயுதம் கொடுத்த நாடுகளும் கை எடுக்க ஒப்புக்கொண்டன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வழிக்கு அது தேவைப்படும்.

## வழி 4: எதிரியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போவது

1973 ஜனவரி 27 பாரிஸ் ஒப்பந்தம் வடவியட்நாம் படையைத் தெற்கிலேயே இருக்க விட்டது. தென்வியட்நாம் அதிபர் தியூ கையெழுத்துப் போட மறுத்தார். நிக்சன், ஒப்பந்தத்தை மீறினால் முழு பலத்தோடு திருப்பி அடிப்போம் என்று ரகசியக் கடிதம் எழுதி இணங்கவைத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து இந்தோசீனாவில் அமெரிக்கா குண்டுபோடவே காங்கிரஸ் தடைபோட்டது. தன் கையில் இல்லாத ஒன்றை நிக்சன் வாக்காகக் கொடுத்திருந்தார். ஒப்பந்தத்துக்கும் சைகோன் விழுந்ததற்கும் நடுவே 27 மாதம்.

தோஹா இன்னும் மோசம். ஆப்கான் அரசு அந்த மேசையிலேயே இல்லை. ஆனால் அவர்கள் சிறையில் இருந்த 5,000 தாலிபான் கைதிகள் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. ஊர்க்காரன் வீட்டுச் சாவியை வழிப்போக்கன் ஒப்படைத்ததுபோல. இதன் உண்மையான சேதம் காகிதத்தில் இல்லை. மாவட்ட அளவில் துப்பாக்கியோடு நின்ற ஒவ்வொரு ஆப்கான் சிப்பாய்க்கும் யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்று அந்தக் கையெழுத்து சொல்லிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் நடுவில் வந்து பேசி, ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், பல இடத்தில் ஒரு குண்டுகூட வெடிக்காமல் மாவட்டங்கள் கைமாறின.

எதிரியோடு பேசுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பேசாமல் எந்தப் போரும் முடியாது. கம்போடியாவில் நடந்ததுபோல அங்கே வாழப்போகிறவர்கள் எல்லாரும் மேசையில் இருந்தால், ஆயுதம் கொடுக்கும் வெளிநாடுகளும் கட்டுப்பட்டால், இதுதான் ஐந்திலும் நல்ல வழி. இல்லையென்றால் அது போகிறவருக்கு வழியனுப்புப் பத்திரம் மட்டுமே.

## வழி 5: உடனே கிளம்புவது

கேட்க ஓட்டம்போல இருக்கும், சில சமயம் இதுதான் சரி. 1983 அக்டோபர் 23 அன்று பெய்ரூட்டில் படைக்குடியிருப்பு மேல் வெடிகுண்டு லாரி மோதி 241 அமெரிக்கப் படையினர் செத்தார்கள், அடுத்த பிப்ரவரியில் ரேகன் படையைக் கப்பலுக்கு மாற்றிவிட்டார். லெபனான் உள்நாட்டுப் போர் அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது, ஆனால் அந்தப் படை இருந்திருந்தால் நின்றிருக்கும் என்று இன்று யாரும் சொல்வதில்லை. உங்கள் இருப்பே சண்டைக்கு ஒரு காரணம், உங்களை நம்பி நிற்பவர்கள் அதிகம் பேர் இல்லை என்றால் ஒவ்வொரு நாள் தாமதமும் வெட்டி.

ஆனால் 1994 ஏப்ரல் 11, இனப்படுகொலை நடந்துகொண்டிருந்த ருவாண்டாவின் தலைநகர் கிகாலி. அது அமைதிகாப்புப் படை, படையெடுப்பு இல்லை, இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. ஒரு தொழில்நுட்பப் பள்ளி வளாகத்தில் ஐ.நா.வின் பெல்ஜியப் படை இருந்தது, அதை நம்பி ஏறக்குறைய 2,000 பேர் உள்ளே தஞ்சம் புகுந்திருந்தார்கள், பெரும்பாலும் கொலைக்கு இலக்கான துட்சி இனத்தவர். வேலிக்கு வெளியே வெட்டரிவாளோடு கொலைகாரக் கும்பல். நாலு நாள் முன்பு பத்து பெல்ஜியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டிருந்தார்கள், வெளிநாட்டவரை மீட்கும் உத்தரவு வந்தது, லாரிகள் கிளம்பின. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் அன்றே கொல்லப்பட்டார்கள்.

போரின் நியாயம், நாட்டின் மானம், வல்லரசுப் போட்டி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே கேள்வி கேட்கலாம், இந்த நிமிஷம் உங்கள் வேலிக்குள் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லையென்றால் இன்றே போங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | இனி சாகப்போவது யார் | கூட நின்றவர்கள் | மறைவான செலவு | எப்போது இது மேல் |
|---|---|---|---|---|
| அப்படியே இருப்பது | பெரும்பாலும் உள்ளூர்ப் படையும் மக்களும் | இருக்கும்வரை பாதுகாப்பு | முடிவே இல்லாத தேய்மானம் | சண்டை ஏற்கெனவே நின்றிருந்தால் |
| படையைக் கூட்டுவது | முதல் இரண்டு வருஷம் எல்லாரும் | இன்னும் அதிகம் பேர் மாட்டிக்கொள்வார்கள் | பின்னால் வரும் ஏமாற்றம் | அவகாசத்துக்கு அரசியல் திட்டம் இருந்தால் |
| ஒப்படைப்பது | உள்ளூர்ப் படை | பணம் ஓடும்வரை மட்டும் | பல வருஷ நிதிப் பொறுப்பு | அரசுக்குச் சொந்தக் கால் இருந்தால் |
| ஒப்பந்தம் | போட்ட விதத்தைப் பொறுத்தது | மேசையில் இல்லாதவர்களுக்கு ஒன்றுமில்லை | உள்ளூர்ப் படையின் மனம் உடையும் | எல்லாத் தரப்பும் கையெழுத்திட்டால் |
| உடனே கிளம்புவது | வேலிக்குள் இருப்பவர்கள் | கைவிடப்படுவார்கள் | அகதிகள், பழிவாங்கல் | வேலிக்குள் யாரும் இல்லாதபோது |

## 'போ' என்று சொல்லிவிட்டால்

சில சமயம் தேர்வே உங்கள் கையில் இருக்காது. 2011ல் இராக், அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தர மறுத்தது, அந்த டிசம்பரில் படை கிளம்பியது. 2022ல் மாலி பிரான்சை வெளியே அனுப்பியது. நமக்கு நெருக்கமான உதாரணம் வேறு. 1987 ஜூலை 29 ஒப்பந்தப்படி இலங்கைக்கு அமைதி காக்கப் போன இந்தியப் படை, அக்டோபரிலேயே புலிகளோடு போரில் இறங்கியது. யாரைக் காக்கப் போனதோ அந்த மக்களே செத்தார்கள், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். படையின் பக்கம் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1989 ஜூனில் ஜனாதிபதி பிரேமதாசா போகச் சொன்னார், புலிகளும் போகச் சொன்னார்கள், டில்லியில் ஆட்சி மாறி வி.பி.சிங் வந்தார், 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் கிளம்பியது. திரும்பி வந்த படையை வரவேற்கத் தமிழக முதல்வர் கருணாநிதி போகவில்லை.

மூன்றாவது அளவுகோலை வைத்தால் இதில் பேச ஒன்றுமில்லை. வீட்டுக்காரன் போ என்ற பிறகு இருந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. ஆனால் இரண்டாவது அளவுகோல் அப்படியே நிற்கிறது. படை போகும் காலத்தில் வடகிழக்கில் 'தமிழ் தேசிய இராணுவம்' என்ற பெயரில் இந்தியத் துணையோடு இளைஞர்களைச் சேர்த்தார்கள், பலரைக் கட்டாயமாகப் பிடித்துப்போனார்கள். இந்தியப் படை விலக விலக அந்தப் படை புலிகளின் முன் சிதறியது. மாகாண முதல்வர் வரதராஜப்பெருமாள் இந்தியா போய்ச் சேர்ந்தார். தெருவில் பிடித்துப்போன பையன்களுக்கு அப்படி ஒரு பயண ஏற்பாடு இருக்கவில்லை. போனது சரி, போகிற நேரத்தில் புதிதாகக் கடன் வாங்கியது மன்னிக்க முடியாதது. 1990 ஜூனில் அடுத்த ஈழப்போர் தொடங்கியது.

பிரான்சுக்கும் இந்தக் கடன் உண்டு. 1962ல் அல்ஜீரியாவை விட்டுப் போகும்போது தன் பக்கம் சண்டையிட்ட ஹார்க்கிகள் என்ற உள்ளூர்ப் படையினரைக் கூட்டிவர வேண்டாம் என்று பாரிசிலிருந்தே உத்தரவு போனது, பின்தங்கியவர்களில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அதிபர் மக்ரோன் மன்னிப்புக் கேட்டது 2021 செப்டம்பரில்.

## அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு இருப்பதையும் படையைக் கூட்டுவதையும் நான் எடுத்துவிடுவேன். மிச்சம் மூன்றில், எல்லாரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் கிடைத்தால் அது. கிடைக்கவில்லையென்றால் ஒப்படைப்பு, பணத்துக்குப் பல வருஷ உத்தரவாதத்தோடு. உள்ளூர் அரசு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லையென்றால் உடனே கிளம்புவது. மூன்றில் எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் கூட நின்றவர்கள், அடுத்து படை, பணம் எல்லாவற்றுக்கும் கடைசியில். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். 2021ல் படை முதலில் போனது. சிறப்பு விசா கேட்டுக் காத்திருந்த ஆப்கானியர்களின் சுமார் 18,000 விண்ணப்பங்கள் அப்படியே கிடந்தன. ஆகஸ்டில் விமான நிலையத்தில் முண்டியடித்த கூட்டத்தில் 1,20,000க்கும் மேற்பட்டோரைத் தூக்கி வந்தது பெரிய காரியம்தான், ஆனால் யார் உள்ளே வந்தார்கள் என்பதை முடிவு செய்தது கடனின் கனம் இல்லை, வாசலில் யார் முந்தினார்கள் என்பதுதான். 26ஆம் தேதி அந்த வாசலில் குண்டு வெடித்து 13 அமெரிக்கச் சிப்பாய்களும் சுமார் 170 ஆப்கானியர்களும் செத்தார்கள். பணமும் நின்றது, ஆப்கான் மத்திய வங்கி அமெரிக்காவில் வைத்திருந்த சுமார் 700 கோடி டாலர் முடக்கப்பட்டது, அடுத்து வந்த குளிர்காலத்தில் நாட்டின் பாதிப் பேர் பசியில் இருந்தார்கள்.

இந்த வரிசைக்கு ஒரு நல்ல ஆட்சேபம் இருக்கிறது. முதலில் ஆட்களை ஏற்றினால் கப்பல் மூழ்குகிறது என்று ஊருக்கே சொன்னதாகிவிடும், இருக்கும் அரசும் அன்றே விழும். இதே காரணத்தைச் சொல்லித்தான் ஆப்கான் அரசு பெரிய அளவில் ஆட்களை வெளியேற்ற வேண்டாம் என்று கேட்டதாக பைடன் 2021 ஆகஸ்ட் 16 அன்று சொன்னார். நியாயமான பயம். ஆனால் கடைசி மாதத்தில் செய்தால்தான் இந்தப் பயம் வரும். போக வேண்டிவரும் என்று தெரிந்த நாளிலிருந்து மாதம் சில நூறு பேராக விசாவை ஓடவிட்டிருந்தால் யார் கண்ணையும் உறுத்தியிருக்காது. இடமும் இருந்தது. 1975ல் லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியரை குவாம் தீவில் தங்கவைத்து விசாரித்தார்கள், 1996ல் வடக்கு இராக்கிலிருந்து சுமார் 6,600 குர்துகளை அதே தீவுக்குக் கொண்டுவந்தார்கள். 2021 வசந்த காலத்தில் மறுபடி குவாமைப் பயன்படுத்துங்கள் என்று முன்னாள் படையினரே கெஞ்சினார்கள், யாரும் கேட்கவில்லை.

2007ல் டென்மார்க் இராக்கின் பாஸ்ராவிலிருந்து விலக முடிவு செய்தது. ஜூலையில், வெளியே சொல்லாமல், தங்களோடு வேலை செய்த இராக்கிய மொழிபெயர்ப்பாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் விமானத்தில் ஏற்றினார்கள், மொத்தம் ஏறக்குறைய 200 பேர். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் செய்தியே வெளியானது. டேனிஷ் படை கிளம்பியது அடுத்த மாதம்.